சுற்றிலும் இறக்கம்

முதலில் வந்தது சத்தம்தான். சிர்ர்ரென்று, சுவர்க்கோழிகள் கூட்டமாகச் சேர்ந்து கத்துகிற மாதிரி, ஆனால் சுவர்க்கோழியைப் போல விட்டு விட்டு இல்லாமல் ஒரே இழையாக, நெடும்பாழி ஏரியின் மேலண்டைக் கரையிலிருந்து கிளம்பி, வேலிகாத்தான் புதர்களுக்குப் பின்னால் நீண்டு, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பாலத்தின் மேல் கொஞ்சம் கணகணத்து, வடகரைக்குள் நுழைந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த பவுனு கையில் வாளியோடு நிமிர்ந்தாள். பனியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து சைக்கிள்கள் வந்தன. பால்கேன் கட்டியது, கீரைக்கட்டு ஏற்றியது, பள்ளிக்கூடப் பை மாட்டியது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒருவரும் மிதிக்கவில்லை. பெடல் மேல் கால்கள் சும்மா கிடக்க, தேரில் உட்கார்ந்து வருகிற சாமிகளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு போனார்கள். மிதிக்காத சைக்கிளின் பின்சக்கரத்தில் பிரீவீல் போடுகிற சத்தம் அது.

"இன்னாண்ணே, மிதிக்காமயே போறீங்க?" என்று பால்காரரைக் கேட்டாள் பவுனு.

"அதாம்மா நானும் பாக்கறேன். ஊட்லேர்ந்து கிளம்புனதுலேர்ந்து இறக்கமாவே இருக்குது" என்றார் அவர். நிறுத்திப் பேச அவருக்கு மனசில்லை, போய்விட்டார்.

ஏரியைச் சுற்றிப் புதுத் தார் ரோடு போட்டு, அதன் மேல் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்த காலம். அன்றையிலிருந்து அந்த ரோடு, ஏரியை வலமாகச் சுற்றுகிறவர்களுக்கு, எந்த ஊரில் ஏறினாலும் இறக்கமாகவே இருந்தது. இறங்கி இறங்கிப் போனால் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது, அங்கிருந்து மறுபடியும் இறங்கியது. வண்டியிலிருந்து தவறி விழுந்த ஒரு தேங்காய் உருண்டுகொண்டே போய், உச்சிவேளைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, அதே வண்டிக்காரனின் காலில் முட்டி நின்றதை ஊரே பார்த்தது. அளக்கிற ஆட்கள் முக்காலியும் கண்ணாடியுமாக வந்து, ஒரு மைல்கல்லை விட அடுத்த மைல்கல் தாழ்வு, அதைவிட அடுத்தது தாழ்வு என்று குறித்துக்கொண்டே சுற்றி வந்து, கடைசியில் முதல் மைல்கல் தன்னைவிடத் தானே தாழ்வாக இருக்கிறது என்ற இடத்தில் பேனாவை மூடி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஏரித் தண்ணீர் மட்டும் எப்போதும் போல, தட்டில் ஊற்றிவைத்த மாதிரி, சமமாகக் கிடந்தது.

ஏன் இப்படி என்று ஜனங்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள். அப்புறம் ஏன் என்பதை விட்டுவிட்டு எப்படி என்று கேட்கத் தொடங்கினார்கள். வேலை செய்து அலுத்த ஊர்களுக்கு அதுதான் வழக்கம். போகிற ஊருக்கு இறக்கத்திலேயே போவது, திரும்புவதற்கு வந்த வழியே ஏறாமல் மிச்ச ஏரியையும் சுற்றிக்கொண்டு இறக்கத்திலேயே வருவது என்று ஆயிற்று. இறங்கும்போது இலேசாக இருந்த சாய்வு, திரும்பி நின்றால் நெஞ்சில் வந்து முட்டியது. அதிலும் நாளாக நாளாக, ஜனங்கள் உருண்டு உருண்டு போகப் போக, எதிர்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் செங்குத்தாகிக்கொண்டே வந்தது. அதனால் எதிரே வருகிற ஆளே இல்லாமல் போனான். கலங்கல் பாலத்துக்கு வடகரைப் பக்கம் டீக்கடை வைத்திருந்த அப்துல் கனி பாய், ஆட்கள் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறார்கள் என்று, இன்னொரு பக்கத்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார். கடைகளின் பெயர்ப் பலகைகளில் ஒரு முகம் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தது. பின்பக்கத்து ஊரில் பெண் எடுக்க யோசித்தார்கள். கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்து ஊர்தான், ஆனால் சீர்த்தட்டு ஏரியைச் சுற்றிக்கொண்டல்லவா வர வேண்டும். பிணங்களும் சுற்றின. சுடுகாடு பின்பக்கம் இருந்த ஊர்க்காரர்கள், பாடையை வண்டியில் வைத்து ஏரி முழுக்க உருட்டிக்கொண்டு போக, வழியிலிருந்த எல்லா ஊர்க்காரர்களும் எழுந்து நின்று, முன்பின் தெரியாத பிணத்துக்கெல்லாம் மாலை போட்டார்கள். கனி பாய் டீக்கடையில் பன் ரொட்டிக்குப் பக்கத்தில் சாமந்தி மாலையும் தொங்கவிட்டார். அதுவும் ஓடியது.

பட்டணத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் சைக்கிள்காரர்கள் வந்தார்கள். தலையில் சுரைக்குடுக்கை மாதிரித் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய உடுப்பு, ஒரு விரலால் தூக்கிவிடுகிற சைக்கிள். ஏரியைச் சுற்றி எத்தனை வழி உண்டோ அத்தனைக்கும் படம் வரைந்தார்கள். முழுச் சுற்று ஒன்று, கலங்கலில் தொடங்கி அல்லித்தாங்கல் பிரிவில் முடிகிற அரைச் சுற்று ஒன்று, காலை வெயில் முதுகில் படுகிற வழி ஒன்று, கொக்குகள் தெரிகிற வழி ஒன்று. புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு ஹோவென்று கத்திக்கொண்டு உருண்டார்கள். வரவர அவர்களுக்கும் அலுத்தது. அவர்களில் சிலர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறினார்கள்.

"வண்டி ரிப்பேரா சார்?" என்று கேட்பாள் கன்னியம்மா, பவுனுவின் பக்கத்து வீட்டுக்காரி.

"இல்லம்மா, ஏறுறோம்."

"எதுக்கு?"

"சும்மாதாம்மா."

"பெட்ரோல் போட்டு இம்மாந்தூரம் வந்து மூச்சு வாங்குதுங்க பாருடி" என்பாள் கன்னியம்மா. நூறுநாள் வேலைப் பெண்கள் அத்தனை பேரும் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தப் பெண்கள் கையில் விளக்குமாறு வந்த கதை இது. சுற்றிலும் இறக்கம் வந்த பிறகு, ராத்திரி வேலைக்காரர்கள் சைக்கிளிலேயே தூங்கப் பழகினார்கள். மில்லில், தீவனக் கம்பெனியில், சாராயக்கடை காவலில், ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய முழித்துவிட்டு வருகிறவர்கள், சைக்கிளில் ஏறி உட்கார்ந்து ஹாண்டில்பாரில் கை வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ரோடு அவர்களைத் தானாக வளைத்துத் தானாகத் திருப்பி, வெயில் ஏறுகிற நேரத்துக்கு அவரவர் வாசலில் கொண்டுவந்து விடும். கட்டிலில் கிடைக்காத தூக்கம் அது. தகரக்கூரைக்குக் கீழே, கோயில் ஸ்பீக்கருக்கு எதிரே, பக்கத்து வீட்டுக் கிரைண்டருக்கும் பேரம் பேசுகிற மீன்காரிக்கும் நடுவே பகலில் படுத்துப் புரண்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஊருக்கும் இரக்கமாக இருந்தது. கிராமசபையில் பேசினார்கள், தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்றார்கள். வேகத்தடைகளைக் கடப்பாறையால் பெயர்த்தார்கள். நாய்களைக் கட்டிப்போட்டார்கள். நூறுநாள் வேலைப் பெண்களுக்கு ஏரியைச் சுற்றிக் கல் பொறுக்கிக் கூட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். தன் வீட்டுக்கு முன்னால் இருந்த துண்டு ரோட்டை, ஒரு பொடிக்கல் இல்லாமல், கல்யாண வீட்டுக் கூடம் மாதிரிக் கூட்டி வைத்தவள் பவுனு. அவள் புருசன் தனகோட்டி தூங்கிக்கொண்டு வருகிற ரோடு அது.

தனகோட்டி, வடகரையை அடுத்து இறக்கத்தில் இருந்த கோழித்தீவனக் கம்பெனியில் மூட்டை பிடிக்கிறவன். கல்யாணம் ஆனதிலிருந்து ராத்திரி ஷிப்ட்தான். ஊரில் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு, அது கலங்கல் பாலத்தைப் பற்றியது. பாலம் ஒரு சைக்கிள் போகிற அகலம்தான். எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால், சுமையோடு வருகிறவர் வண்டியிலேயே இருக்கலாம், சும்மா வருகிறவர்தான் இறங்கிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று வழிவிட வேண்டும். யார் சொல்லிவைத்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் குடித்துவிட்டு வருகிறவன்கூட அதை மீறியதில்லை. தனகோட்டி அதில் ஒரு படி மேலே. எதிரே சினை ஆடு வந்தாலும் இறங்கி நிற்பான். கேட்டால், "அது வயித்துல சுமக்குதில்ல" என்பான். ஒரு காலத்தில் தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணுக்காக இறங்கி நின்று, அவள் போன பிறகும் வண்டியில் ஏற மறந்து நின்றுகொண்டிருந்தான். பவுனு அன்றைக்குப் பாலம் தாண்டித் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்ததாக அவன்தான் சொல்லிக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலை, கழுத்து தொங்க, வாய் கொஞ்சம் திறந்திருக்க, சிர்ர்ரென்று வீட்டைத் தாண்டிப் போய்விட்டான். அலுப்பு, அடுத்த சுற்றில் இறங்கிவிடுவான் என்று பவுனு கூழைக் கரைத்து வைத்திருந்தாள். அடுத்த சுற்றிலும் போய்விட்டான். சாயங்காலம் ஓடிப்போய்த் தூக்குவாளியை ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டாள். மறு சுற்றில் அது காலியாக வந்தது, தூக்கத்திலேயே குடித்திருந்தான். மறுநாளும் இறங்கவில்லை. பத்து நாள் தூக்கம் பாக்கி இருக்கும், தூங்கி முடிக்கட்டும் என்று அவளும் விட்டாள், ஏனென்றால் இத்தனை வருசத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் பக்கவாட்டில்கூடப் பார்த்ததில்லை. கம்பெனி சூப்பர்வைசர் வாசலுக்கு வந்து, அவன் உருண்டு போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

லைன்மேன் நமச்சிவாயத்தின் சைக்கிள் தனியாக வந்தது அதற்குப் பிறகுதான். எந்த ஊரில் பியூஸ் போனாலும் நடு ராத்திரியில் எழுப்பப்பட்டவர் அவர். தனகோட்டிக்கும் முன்னாலிருந்தே இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அவருடைய பிரீவீல் சத்தம் மெலிந்து வந்ததைச் சிலர் கவனித்தார்கள். கனத்த ஆளைச் சுமக்கிற சத்தமாக இல்லாமல், நூல் அறுகிற மாதிரி ஆயிற்று. பிறகு ஒரு நாள் பகலில் சைக்கிள் மட்டும் வந்தது. கட்டிங் பிளேயர் பெட்டிக்குள் இருந்தது, சீட் இன்னும் சூடாக இருந்தது, அவர் இல்லை. எங்கேயாவது இறங்கியிருப்பார் என்று ஏரியைச் சுற்றித் தேடினார்கள். எந்த ஊரிலும் அவர் இறங்கவில்லை. மூன்றாவது சுற்றில் யாரோ ஒருவர் அந்தச் சைக்கிளுக்கு ஒரு மாலை போட்டார். பிணத்துக்குச் செய்வதைச் சைக்கிளுக்குச் செய்தார்கள், ஒவ்வொரு ஊரும் ஒரு மாலை போட்டு ஒரு சுற்று அனுப்பி, பிறகு பிடித்து அவர் பெண்சாதியிடம் கொடுத்தார்கள். அதற்கடுத்து அல்லித்தாங்கலில் ஒரு நெசவாளி, அவனுக்கும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஊர் அழுதது. ஆனால் ரோட்டைக் கூட்டுவதை ஒருவரும் நிறுத்தவில்லை. தூங்குகிறவர்கள் பாவம்.

ஒரு காலை பவுனு வாசலில் நின்று காது கொடுத்தாள். பாலத்தைத் தாண்டி வருகிற சத்தம் மெலிந்திருந்தது. தூக்குவாளி தொடாமல் திரும்பி வந்தது.

அன்றைக்கு அவள் கேரியரைப் பிடித்து நிறுத்தி, அவனை இறக்கி, கையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோனாள். கை கோழிச்சிறகு மாதிரி எடையில்லாமல் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தான். படுக்கவில்லை, சாப்பிடவில்லை, சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படுங்க."

"இங்க வரல பவுனு."

"இன்னா வரல?"

"தூக்கம். அது ரோட்லதான் இருக்குது."

"நான் இங்க இருக்கறேனே."

அவள் தண்ணீர் எடுத்துவரத் தெருக்குழாய்க்குப் போய்த் திரும்புவதற்குள் சைக்கிள் போயிருந்தது.

"ஏன்டி, சங்கிலி போட்டுக் கட்டுடி" என்றாள் கன்னியம்மா.

"ஆட்டையா கட்டறது."

"பொண்டாட்டி பவுனு, புருசன் கோடி, அரிசிப் பானை சுரண்டுற சத்தம் மூணு தெருவுக்குக் கேக்குது. இவன் என்னடான்னா ராஜா மாதிரி ஊர்வலம் போறான்" என்று சொல்லிவிட்டு, சொன்னது அதிகமோ என்று கன்னியம்மாவே ஒரு சொம்பு ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பவுனுக்கும் ஒரு நாள் ஆசை வந்தது. கல்யாணமாகிப் போன மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்கச் சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, அவன் வருகிற நேரம் பார்த்து ஏறி, அவன் பக்கத்திலேயே உருண்டாள். பேசிப் பார்க்கத்தான் போனாள். மகளுக்கு நாள் தள்ளிப் போயிருப்பதைச் சொன்னாள். கூரை ஒழுகுவதைச் சொன்னாள். அவன் முகம் முன்னால் பார்த்தபடி இருந்தது, அவள் முகமும் முன்னால் பார்த்தபடி இருந்தது. ஏரிக்காற்று காதுக்குள் ஊதியது. தீவனக் கம்பெனி போனது, புளியந்தோப்பு போனது, தண்ணீரில் வெயில் தகடு தகடாக மிதந்தது, எதற்கு இவ்வளவு நாள் மிதித்தோம் என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பின் பாதியில் அவளும் தூங்கிப்போனாள். அம்மா வீட்டை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதே இல்லை. தன் வீடு வந்ததும் தெரியவில்லை, தாண்டியதும் தெரியவில்லை.

"அடியேய்! அடுப்பு எரியுதுடி!" என்று கன்னியம்மா போட்ட கூச்சலில்தான் கண் திறந்தாள். அடுப்பு ஒன்றும் எரியவில்லை. கன்னியம்மா கையில் கிடைத்த பொய்யைக் கல்லாக எறிந்திருந்தாள்.

பவுனு இறங்கி, தெரு ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். எழுப்பிவிட்டாளே என்று அழுதாளா, போயிருப்பேனே என்று அழுதாளா, அவளுக்கே விளங்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உருண்டால் இரண்டு சைக்கிள் காலியாக வரும், அது மட்டும் விளங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எதிரே ஏறிப் பழகிய பட்டணத்துக்காரர்களில் ஒருவர், சத்யநாராயணன் என்று பெயர், தொந்தி உள்ளவர், அவள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீலச் சட்டை போட்டுக்கிட்டுத் தூங்கிட்டே போறாரே, உங்க வீட்டுக்காரராம்மா?" என்றார்.

"ஆமாங்க."

"சிரிச்ச முகம்மா அவருக்கு. இறங்குறப்ப எல்லாரோட முதுகையும்தான் பாக்குறேன், ஏறுறப்பதான் முகம் தெரியுது."

முன்பக்கமாக அவன் முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பவுனு யோசித்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா, வேடிக்கையா இருந்தது" என்றார் அவர். "அந்தச் சின்னப் பாலத்துல நான் எதிர்ல வந்தேன். இந்த வாரம் பேக் மாட்டியிருந்தேன், பெரிய பேக். அவரு தூக்கத்துலயே ஒரு காலை பெடல்லேர்ந்து எடுத்தாரு, இறங்கப் போறாருன்னு நினைச்சேன். கிட்ட வந்ததும் என்ன தோணிச்சோ, காலை மறுபடி வச்சிக்கிட்டாரு. போய்ட்டாரு. நான்தான் சுவத்துல ஒட்டிக்கிட்டேன்."

"பேக்குல இன்னா வச்சிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, காத்து அடிக்கிற பம்பும் ரெண்டு வாழைப்பழமும்."

பவுனு சொம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெகுநேரம் அந்தச் சொம்பையே பார்த்தபடி நின்றாள்.

வீட்டில் அவித்துக் காயவைத்த நெல் ஒரு மூட்டை, மில்லுக்குப் போகாமல் கிடந்தது. ரைஸ்மில், பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏற்றத்தில், இங்கிருந்து பார்த்தாலே அதன் புகைபோக்கி தெரிகிற தூரம். ஆனாலும் எல்லாரையும் போல ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும், சுற்றினால் தூங்கிவிடுவோம் என்று பயந்து அவள் போகாமலே இருந்தாள். மறுநாள் காலை அந்த மூட்டையை உருட்டி வந்து, கன்னியம்மாவை ஒரு கை பிடிக்கச் சொல்லி, மகளுடைய சைக்கிளின் கேரியரில் ஏற்றி, பழைய சேலைக் கயிற்றால் கட்டினாள்.

"எந்தப் பக்கம்டி திருப்புற? மில்லுக்கு இப்படில்ல போவணும்."

"இப்படியே போறேன்க்கா."

"ஏத்தத்துலயா? மார் அடைச்சுச் சாவப் போறடி. நான் வேணா உன் புருசனை அடுத்த சுத்துல நாலு பேரை வச்சுப் பிடிக்கறேன்."

"பிடிச்சா திரும்பப் போய்டறாருக்கா. அவரா இறங்கணும்."

வடகரை முழுக்க வாசலில் வந்து நின்று பார்த்தது. ஊர்க்காரர் ஒருவர் எதிரே போவதைப் பார்த்து அவர்களுக்கு வெகுநாளாகிவிட்டது. சுமையோடு போவதைப் பார்த்ததே இல்லை. ரோடு அவள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பட்டணத்துக்காரர்கள் செய்கிற மாதிரி வளைந்து வளைந்து தள்ளினாள். நின்றால் வண்டி பின்னால் இழுத்தது, அதனால் நிற்கவும் முடியவில்லை. கனி பாய் கடையைத் தாண்டும்போது பாய் அவசர அவசரமாக அந்தப் பக்கத்துத் தகரத்தை நகர்த்தி, "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றார். அவளால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. கண்ணில் வேர்வை இறங்கியது. இடுப்பில் ஒரு நரம்பு பிடித்துக்கொண்டது. எதிரே உருண்டு வந்தவர்கள் முழித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவளும் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். கீரைக்காரிக்கு ஒரு பக்கப் பல் போயிருந்தது, பால்காரருக்கு நரைத்துவிட்டது. ஒரே ஏரியைச் சுற்றியிருந்தும் இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

பாலத்தின் வாயில் ஏறியபோது அந்தச் சத்தம் கேட்டது. நூல் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. பிறகு நீலச் சட்டை தெரிந்தது. சட்டைக்குள் உடம்பு இருந்த மாதிரியே இல்லை, கொடியில் காய்கிற துணி போலக் காற்றில் உப்பியிருந்தது. சிரித்த முகம்தான், அந்த மனுசன் சொன்னது சரி. பவுனு கூப்பிடவில்லை. கூப்பிட மூச்சும் இல்லை. மூட்டை ஒரு பக்கம் சரிய ஆரம்பித்திருந்தது, அதை முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, பாலத்தின் நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள்.

அவன் பாலத்துக்குள் வந்தான். கண் மூடியே இருந்தது. வலது கால் துடித்தது. பெடலை விட்டுப் பிரிந்தது. மறுபடி பெடலுக்குப் போகப் பார்த்தது. நெல்மூட்டையின் கயிறு அப்போது நெரிந்து ஒரு முனகல் போட்டது. கால் கீழே வந்தது. செருப்பு தார் ரோட்டில் சரசரவென்று தேய்ந்தது. இறங்கினான், சுவரை ஒட்டினான், அவளுடைய மூட்டை சரிவதை மூடிய கண்ணோடே எப்படிக் கண்டானோ, இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்தான். பிடிக்கிறதற்காகச் சைக்கிளை விட்டுவிட்டான். அது அவளை உரசிக்கொண்டு, தன் பாட்டுக்கு, சிர்ர்ரென்று இறங்கிப் போய்விட்டது.

கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான்.

"இன்னாம்மே இது, இப்படியா கட்டுவாங்க? சாயுது பாரு."

"கட்டறதுக்கு யாரு இருந்தா?"

அவன் முடிச்சை அவிழ்த்து, பல்லால் கடித்து இழுத்து, வேறு மாதிரிக் கட்டினான். பாரம் அவன் தோளில் இறங்க இறங்கச் சட்டை உடம்போடு ஒட்டியது.

"மில்லுக்கா?"

"வேற எங்க."

"என் வண்டி போச்சே."

"சாயங்காலம் வரும்."

பின்னால் போய்க் கேரியரில் கை வைத்துத் தள்ளினான். கொஞ்ச தூரம் போனதும், "அலுப்பா இருக்குது பவுனு" என்றான்.

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

மில்லில் பெல்ட் ஓடுகிற இரைச்சலில், தவிட்டுத் தூசிக்கு நடுவே, ஒரு மூட்டை அரைபடுகிற நேரம் அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான். மூக்கில் உமி ஏறித் தும்மி, தானே எழுந்துவந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டான். திரும்பும்போது இறக்கம். அரிசி மூட்டை அவர்களை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. இருவரும் உருளவிடாமல், குதிகாலை ஊன்றி, பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி நடந்தே வந்தார்கள். ஏறினதைவிட அது ஒன்றும் சுலபமாக இல்லை.

வீட்டுக்கு முன்னால் கூட்டமாக இருந்தது. பெஞ்சு போட்டிருந்தார்கள். பறை காய்ச்சுவதற்கு வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. கன்னியம்மா தலையை விரித்துப்போட்டு, "என் தங்கமே, கோடியே" என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். காலையில் காலியாகப் போன சைக்கிளுக்கு முதல் மாலை போட்டது அவள்தான்.

தனகோட்டி மூட்டையை இறக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டான்.

"நீதான்டா பாவி!" என்றாள் கன்னியம்மா, ஒப்பாரி ராகம் இன்னும் குரலை விட்டுப் போகாமல்.

"அப்படியா" என்று அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

பறைக்காரர்கள் வந்ததற்கு ஒரு டீயாவது வேண்டும் என்றார்கள், கனி பாய் கொடுத்தனுப்பினார். அழுதுவிட்டதால் குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று பெண்களுக்குள் தகராறு வந்தது. கன்னியம்மா முடியை அள்ளி முடிந்துகொண்டு, "எத்தனை வருசத்து அழுகை வீணாப் போச்சு" என்று திட்டிக்கொண்டே அவனுக்குத் தட்டில் சோறு போட்டாள். அவன் அதைத் தின்று தீர்த்தான். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பவுனு புதுஅரிசியில் கொஞ்சம் அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து புடைக்கத் தொடங்கினாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அந்தச் சத்தம் வந்தது. இந்தத் தடவை கனமாக வந்தது. ஏரியைச் சுற்றியிருந்த எல்லா ஊரும் அவனுக்கு மாலை போட்டிருந்தன. சாமந்தி, அரளி, சம்பங்கி என்று சைக்கிளே தெரியாமல், பூச்சப்பரம் ஒன்று ஆளில்லாமல் உருண்டு வந்தது. தனகோட்டி எழுந்து ரோட்டுக்கு நடுவே போய் நின்று, ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான். மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டான். கன்னியம்மாவின் ஆடு ஓடிவந்து சாமந்தியிலிருந்து ஆரம்பித்தது.

கடைசி மாலையைக் கழற்றியதும் சீட் தெரிந்தது. அவன் அதன் மேல் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. ரோடு அவனுக்கு முன்னால் சுத்தமாக, ஒரு கல் இல்லாமல், இறங்கிக்கொண்டே போனது. பவுனுவின் கையில் முறம் அந்தரத்தில் நின்றது.

"தவுடு மில்லுலயே கிடக்குதே" என்றான் திரும்பாமல். "நாளைக்கு எடுத்தாரணுமா?"

"எடுத்தாரணும்."

"இந்தப் பக்கமாத்தான?"

"இந்தப் பக்கமாத்தான்."

"அப்ப முன் டயர்ல காத்து பத்தாது" என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கீழே வைக்க ஒரு கல் தேடினான். அவள் கூட்டி வைத்திருந்த ரோட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலி வரைக்கும் போய் ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து பம்பை எடுத்துவந்து குனிந்து அடிக்க ஆரம்பித்தான்.

பவுனு முறத்தை ஒரு தட்டுத் தட்டி, நொய்யை ஒரு பக்கம் ஒதுக்கி, விட்ட இடத்திலிருந்து புடைத்தாள்.